அப்பாவா மாமியாரா என்று கேட்ட படிவம்

அந்தச் சுற்றறிக்கை எங்கள் பிரிவுக்கு வந்தபோது நான் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை வங்காளிப் பெண் ஓடிவந்து, ஈரக் கையோடு என்னை இழுத்துக்கொண்டு போய் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். "படி, படி. நமக்கும் வந்துவிட்டது" என்றாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் கிளார்க். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு, ஊழியருக்கும் குடும்பத்துக்கும் சர்க்கார் டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கும் திட்டம் இருந்தது. அதற்கு ஒரு கார்டு. கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு டாக்டர், மருந்து, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரி. ஆண்கள் தங்களைப் பெற்றவர்களின் பெயரை எழுதிக்கொள்ளலாம். கல்யாணமான பெண்கள் எழுத முடியாது. எங்களைப் பெற்றவர்கள் எங்களை நம்பி இருக்க நேரும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

அதைத்தான் இப்போது மாற்றியிருந்தார்கள். கல்யாணமான பெண்ணும் இனிமேல் பெரியவர்களைச் சேர்க்கலாம்: தன் தாய் தந்தையை, அல்லது கணவனின் தாய் தந்தையை. ஏதாவது ஒரு பக்கம்தான். அவர்கள் அவளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அவளைச் சார்ந்து வாழ வேண்டும். ஒருமுறை எழுதிக் கொடுத்ததை, சர்வீஸ் முழுவதற்குமாக ஒரே ஒரு தடவை மாற்றலாம்.

வங்காளிப் பெண்ணுக்கு யோசிக்க எதுவும் இல்லை. மாமனார் மாமியார் இருவரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அன்றைக்கே படிவம் வாங்கித் தன் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்தாள். எனக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் இருந்தார்கள், இருவருக்குமே நோய்.

மோதி பாக் குவார்ட்டர்ஸில் என் பெயரில் ஒதுக்கிய இரண்டு அறை வீட்டில் நானும் கணவரும் அவருடைய அம்மாவும் இருந்தோம். கல்யாணமாகி மூன்றாவது வருஷம். கணவருக்குத் தட்டச்சு எந்திரம் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. தனியார் கம்பெனி, அங்கே தலைவலி மாத்திரைகூடக் கொடுக்கமாட்டார்கள். மாமியார் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மூச்சிழுப்பு உண்டு. வெயில் காலத்தில் தெம்பாக இருப்பார், குளிர் வந்தால் உட்கார்ந்தபடியே தூங்குவார்.

என் அப்பா கரோல் பாகில் மாடி அறை ஒன்றில் தனியாக இருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருஷம் ஒரே கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள், பென்ஷன் கிடையாது. அம்மா நான் காலேஜில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். நான் ஒரே பிள்ளை. அப்பாவுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் வியாதி. தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விட வேண்டும், ஆயுசு முழுக்க. விடாமல் போனால் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அடுத்த ஒரு வாரம் அலுவலகத்தில் இதே பேச்சு. மாமியாரைப் போடு, வீட்டில் சண்டை இருக்காது என்றாள் ஒரு டைப்பிஸ்ட். பெற்ற அப்பாவை விட்டுவிட்டு யாரைப் போடுவது என்றாள் இன்னொருத்தி. ஹெட் கிளார்க் சர்தார்ஜி நல்ல மனுஷர், ஆனால் அவருக்கு இது பிடிக்கவில்லை. "மகளே, டிஸ்பென்சரி வரிசை இப்பவே மார்க்கெட் வரைக்கும் நிக்குது. இன்னும் ஆளைச் சேர்த்தா மருந்து எங்கிருந்து வரும்?" என்றார். அவருடைய அம்மாவும் அப்பாவும் அவர் கார்டில் இருந்தார்கள். அதை யாரும் சொல்லவில்லை. ஃபைல் கொண்டுவரும், கட்வால் மலைப்பக்கத்துப் பியூன் மட்டும் என் மேசைக்கருகே நின்று மெதுவாகக் கேட்டார். "ஒரே வீட்டுல இருக்கணும்னு போட்டிருக்காமே மேடம்? எங்கம்மா மலையை விட்டு இறங்கமாட்டேங்குது. அப்போ எனக்கு இருந்தும் இல்லைதானே?"

படிவத்தை நான் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் சொல்லப் பயம். ஆனால் எங்கள் கீழ்வீட்டுக்கார அம்மாளின் கணவரும் மத்திய சர்க்கார்தான். அந்த அம்மாள் மாடிப்படியில் வைத்து என் மாமியாரிடம், "உங்க மருமக யாரைப் போடப்போறாளாம்?" என்று கேட்டுவிட்டாள்.

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் காப்பி கொடுத்தார். டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் சொன்னார்.

"உங்கொப்பாவப் போட்டுரு அம்மிணி."

நான் என்ன என்று தெரியாதவள் போல நின்றேன்.

"நானும் ரோசனை பண்ணிப் பாத்தேன். அவருக்குக் கண்ணு, எனக்கு மூச்சு. கண்ணு போனா வராது. மூச்சு போயிட்டும் வந்துட்டும்தான இருக்குது?"

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கவனிக்காதவர் போல அடுப்படிக்குள் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. மனதாரத்தான் விட்டுக்கொடுத்தார், ஆனாலும் விட்டுக்கொடுத்த வலி இருந்திருக்கும். கணவரும் அதையே சொன்னார். "அச்சா, இதுல என்ன யோசனை? உங்கப்பாவுக்கு நீ மட்டும்தான். அம்மாவுக்கு வேணுங்கற மாத்திரையை நான் கடையில வாங்கிடறேன்."

அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கரோல் பாக் போய்ப் படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"சார்ந்தவர்னு போட்டிருக்கு" என்றார்.

"அது அப்படித்தான்ப்பா போட்டிருப்பாங்க."

"நான் ஒருத்தரையும் சார்ந்து இருந்ததில்லையே ம்மா. இதுல எப்படிக் கையெழுத்துப் போடுதது? சம்பந்தி வீட்டுல வந்து உக்காந்து சாப்பிட எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"அது சம்பந்தி வீடு இல்லப்பா. குவார்ட்டர்ஸ் என் பேர்ல இருக்கு."

அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு, சொட்டு மருந்து தீர்ந்து ஒன்பது நாளாகிறது என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மடக்குக் கட்டில், பழைய ஆங்கில அகராதி ஒன்று ஆகியவற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பின்பக்கத்து வராண்டாவைத் தட்டி வைத்து மறைத்து அவருக்குக் கொடுத்தோம்.

கார்டு வந்தது. அப்பா வாரம் ஒருநாள் காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு டிஸ்பென்சரிக்குக் கிளம்புவார். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பஞ்சாபி லேடி டாக்டரோடு ஆங்கிலத்தில் பேசுவார். சில வாரம் மருந்து உடனே கிடைக்கும். சில வாரம் எழுதி அனுப்பியிருக்கிறோம், நாளைக்கு வாருங்கள் என்பார்கள். நாளைக்கும் போவார். மருந்துக் கவுன்ட்டர்க்காரரை எல்லோரும் திட்டுவார்கள். எந்த வியாதிக்கும் அதே சிவப்பு மிக்ஸ்சர் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேலி. அப்பா மட்டும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "இத்தனை பேருக்கு ஒருத்தன் எண்ணிக் குடுக்கான். பாவம்" என்பார்.

என் மாமியாரும் அப்பாவும் முதல் மாதம் அவ்வளவாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் முன்னறையில் இருந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார். பிறகு மத்தியானத்தில் ரேடியோச் செய்தி கேட்கும்போது பேச ஆரம்பித்தார்கள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் அவர்கள் இருவர்தானே.

தீபாவளி கழிந்து பனி இறங்கத் தொடங்கியது. மாமியாருக்கு இழுப்பு கூடியது. கடையில் வாங்கிய மாத்திரைகள் சீக்கிரம் தீர்ந்துபோயின. தீர்ந்ததை அவர் எங்களிடம் சொல்வதும் இல்லை, ஒன்றைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை அரை நாளில் வீடு திரும்பினேன். வாசல் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து விசித்திரமான சத்தம். மாமியாருக்குத்தான் முடியவில்லையோ என்று செருப்போடு ஓடினேன். மாமியார் நாற்காலியில் நன்றாக உட்கார்ந்திருந்தார். எதிரே மடக்குக் கட்டிலில் அப்பா, தோள்களை உயர்த்தி, வாயைத் திறந்து, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியில்லீங் சம்பந்தி" என்றார் மாமியார். "உள்ள இழுக்கறப்ப சுளுவாப் போகோணும். வெளிய வுடறப்பத்தான் சிக்கோணும். சீக்கி அடிக்கற மாதிரி" என்று உதட்டைக் குவித்து விசிலடித்துக் காட்டினார்.

அப்பா மறுபடி முயன்றார். மாமியார் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே அவருக்கு நிஜமாகவே இழுப்பு வந்துவிட்டது. "ஆங், இதுதானுங்" என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

என்னைப் பார்த்ததும் இருவரும் அடங்கிப்போனார்கள். விஷயத்தை வரவழைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் கார்டில் தனக்கே இழுப்பு என்று சொல்லி மாத்திரை வாங்கிச் சம்பந்திக்குக் கொடுப்பது அப்பாவின் திட்டம். வாழ்நாளில் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஒரு ஸ்டாப்கூடப் போகாத மனிதர். கண்டக்டர் வராவிட்டால் தேடிக்கொண்டு முன்னால் போவார்.

"பொய் சொல்லணும்ப்பா. உங்களால முடியாது" என்றேன்.

"பொய் எங்க சொல்லப்போறேன்? மூச்சு விட்டுக் காமிக்கப்போறேன். அவ்வளவுதான" என்றார்.

திங்கட்கிழமை போனார். நடந்ததை அன்று மாலை அவரே சொன்னார். டாக்டர் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, கற்றுக்கொண்டபடியே மூச்சு விட்டிருக்கிறார். அவள் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்டாள். முதுகில் வைத்துக் கேட்டாள். பிறகு அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உங்கள் நுரையீரல் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, யாருக்கு மாத்திரை என்று கேட்டிருக்கிறாள். நேராகக் கேட்டதும் அப்பாவால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மன்னிப்பும் கேட்டுவிட்டார்.

"கோபப்பட்டாங்களா?"

"இல்ல. பேனாவை மூடி வச்சாங்க. பெறவு, கார்டு இல்லாதவங்களுக்கு மருந்து தர முடியாது, வேலை போயிரும்னாங்க. ஒரு மணிக்கு வரிசை முடியும், அப்போ அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, பாத்துச் சொல்லுதேன்னாங்க. ரொம்ப நாகரிகமான பிள்ளை." சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "எனக்குத்தான் தலையைத் தூக்க முடியல" என்றார்.

அந்த டாக்டர் சொன்னபடியே மாமியாரைப் பார்த்தாள். எந்த மாத்திரையை எந்த அளவில் வாங்க வேண்டும் என்று வெறும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். கார்டு மட்டும் இருந்தால் ஆஸ்பத்திரி நிபுணரிடம் அனுப்பியிருப்பேன் என்றும் சொன்னாளாம்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம். வரிசை வரிசையாக எல்லா வீட்டு வாசலிலும் அங்கீட்டி அடுப்பு பற்றவைத்திருந்தார்கள். நிலக்கரிப் புகை பனியோடு கலந்து தரையிலேயே நின்றது. பஸ் இறங்கி வந்த நான், எங்கள் பிளாக்குக்கு முன்னால் ஆட்டோ நிற்பதைப் பார்த்தேன். அப்பாவும் கீழ்வீட்டுக்கார அம்மாளும் என் மாமியாரைத் தாங்கிக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மாமியாரின் உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், சத்தம் வரவில்லை.

எல்லோருக்கும் பொதுவான பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் கட்டில் கிடைக்கவில்லை. நான்கு நாள் தாழ்வாரத்தில், ஒரு மெத்தை மேல், போகிற வருகிறவர்களின் கால்களுக்கு நடுவில் கிடந்தார். கார்டு உள்ளவர்களுக்கென்று ஒதுக்கிய வார்டு அதே மாடியில்தான் இருந்தது. மூன்றாம் நாள் அப்பா தாழ்வாரத்துக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்று, அந்த வார்டின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் வீடு திரும்பிய அன்று அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாத்தி எழுது" என்றார்.

"ஒரு தடவைதான்ப்பா மாத்த முடியும். அப்புறம் உங்க பேரைத் திரும்பச் சேர்க்கவே முடியாது."

"தெரியும். படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

நான் முடியாது என்றேன். மாமியாரிடம் போய்ச் சொன்னால் அவரும் முடியாது என்றார். "அவரு கண்ணப் புடுங்கி எனக்கு மூச்சு வேண்டாம்" என்று அவர் சொன்னதில் இருந்த கோபத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கணவர் இருவருக்கும் நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து வந்தேன். வராண்டாவில் கட்டில் இல்லை. டிரங்குப் பெட்டி இல்லை. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு உறையை நீட்டினார். உள்ளே அப்பா ஆங்கிலத்தில் எழுதிய கடிதம், என் அலுவலகத்துக்கு முகவரியிட்டது. இன்று முதல் நான் என் மகளோடு வசிக்கவில்லை, ஆகவே விதிப்படி என் பெயரை நீக்கிக்கொள்ளவும். நாலே வரி. கீழே கையெழுத்து.

கரோல் பாகுக்குப் போய் அழுதேன், சண்டை போட்டேன். கட்டிலை விரித்து என்னை உட்கார வைத்தார்.

"நீ மறைச்சு என் பேரை வச்சிருந்தா அது பொய்க் கார்டு. எனக்கு அது ஒத்துவராது, உனக்குத் தெரியும். ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான்னு சர்க்கார் சொல்லுது. சொட்டு மருந்தை நான் எங்கயாவது வாங்கிக்கிடுவேன். அந்தம்மா மூச்சு முட்டி நீலமா மாறுனப்ப நான்தான பக்கத்துல இருந்தேன். நீ பெறவுதான வந்தே."

கடிதத்தைக் கொடுத்துவிட்டு மாமியாரின் பெயரை எழுதினேன். ஹெட் கிளார்க் சர்தார்ஜி இரண்டு காகிதத்தையும் படித்தார், மறுபடி படித்தார். எழுந்துபோய் அவரே மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவந்தார்.

அடுத்த குளிரை மாமியார் சுலபமாகக் கடந்தார். நிபுணரைப் பார்த்தார், சரியான மருந்து கிடைத்தது, இரவில் படுத்துத் தூங்க ஆரம்பித்தார். அந்தத் திட்டத்தை நான் குறைசொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அது அவருக்கு உயிர் கொடுத்தது.

அப்பாவுக்கு நாங்கள் மருந்து வாங்கிக் கொடுத்தோம். தர்ம ஆஸ்பத்திரி ஒன்றிலும் மாதம் ஒருமுறை காட்டினார். ஆனால் தனியாக இருப்பவர். தீர்ந்தால் சொல்லமாட்டார், நாங்கள் போகிற ஞாயிறுவரை பொறுத்துக்கொள்வார். அப்படிப் பொறுத்துக்கொண்ட நாட்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்குள் இடது கண் முழுவதும் போய்விட்டது. கதவு நிலையில் இடித்துக்கொண்ட நெற்றிக் காயத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

அந்தச் சமயம் ஊழியர் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. கோரிக்கைப் பட்டியல் தயாரிக்க எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். கார்டில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் சேர்க்க வேண்டும் என்று வங்காளிப் பெண் எழுதிக் கொடுத்திருந்தாள், அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றாலும். உடனே எதிர்ப்பு எழுந்தது. ஆண்களுக்கும் ஒரு பக்கம்தானே, பெண்களுக்கு மட்டும் எதற்கு இரண்டு என்றார் ஒருவர். பிடித்தம் கூடிவிடும், வியாதியே இல்லாத நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்றார் ஓர் இளைஞர். அதற்குப் பலத்த கைதட்டல். கைதட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை, எனக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்கள் வீட்டில் யாருக்கும் உதடு நீலமாகவில்லை, அவ்வளவுதான்.

நான் எழுந்தேன். கூட்டத்தில் அதற்கு முன் பேசியதே இல்லை. என் ஹிந்தி இலக்கணத் தப்போடுதான் வரும். "இரண்டு பேரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒருவருடைய மூச்சுக்காக இன்னொருவருடைய கண்ணைக் கொடுத்தோம். வேறு யார் வீட்டிலும் இப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சர்தார்ஜி முதலில் கையைத் தூக்கினார். வரிசையைப் பற்றிக் குறைசொன்ன அதே சர்தார்ஜி. பிறகு மெல்ல மெல்ல மற்றவர்கள். எல்லோரும் இல்லை, அந்த இளைஞர் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். தீர்மானம் நிறைவேறியது. மேலே அனுப்பினார்கள். நான் அந்த அலுவலகத்தில் இருந்தவரை பதில் வரவில்லை.

அப்பாவை மறுபடி எங்களோடு அழைத்துக்கொண்டோம். இந்த முறை அவர் மறுக்கவில்லை. கார்டுக்கென்று வராததால் அவருக்குச் சங்கடமும் இல்லை. மீதியிருந்த வலது கண்ணுக்கு மணி தவறாமல் மருந்து விடும் வேலையை என் மாமியார் எடுத்துக்கொண்டார். "அண்ணாந்து பாருங் சம்பந்தி, ஆட்டாதீங்" என்று காலையும் மாலையும் வராண்டாவிலிருந்து அவர் குரல் கேட்கும். சாயங்காலம் இருவரும் மார்க்கெட் வரை நடப்பார்கள். அப்பாவுக்கு இடது பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. அதனால் மாமியார் எப்போதும் அந்தப் பக்கத்தில் நடப்பார், மூச்சு வாங்கினால் இருவரும் நின்று, பிறகு நடப்பார்கள்.